சீரியல் நாயகி சினிமாவுக்கு மாறும்போது எது இடிக்கிறது? (பிரியா பவானி சங்கர், வாணி போஜன் பாதைகளை வைத்து)

#1 கடைசிபெஞ்ச்

'சீரியல் மூஞ்சி' என்று முத்திரை விழுந்துவிட்டால் பெரிய திரையில் எடுபடாது என்று இந்தப் பகுதியில் யாராவது மாதம் ஒருமுறை எழுதுகிறார்கள். கண்ணெதிரே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

பிரியா பவானி சங்கர்: புதிய தலைமுறையில் செய்தி வாசித்தவர். 2014 நவம்பரில் விஜய் டிவியில் தொடங்கிய 'கல்யாணம் முதல் காதல் வரை' நாயகி. 2017 தீபாவளிக்கு 'மேயாத மான்'.

வாணி போஜன்: 2013 மார்ச்சில் தொடங்கி 2018 பிப்ரவரி வரை சன் டிவியில் ஓடிய 'தெய்வமகள்' சத்யா. 2020 பிப்ரவரி 14-ல் 'ஓ மை கடவுளே', அதுதான் முதல் படம்.

ராசி, சிபாரிசு, யார் யாரோடு என்ற பேச்சுக்கு வேறு இழைகள் உண்டு. இங்கே தொழில் பக்கம் மட்டும்: டேட்ஸ் (படப்பிடிப்புக்கு ஒதுக்கும் நாட்கள்), நடிப்புப் பழக்கம், ஒப்பந்தம், சம்பளம், படத் தேர்வு. எது உண்மையில் இடிக்கிறது?

#2 ரீல்பெட்டி

முதல் இடி டேட்ஸ்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

வாரம் ஆறு நாள் ஓடும் சீரியலுக்கு மாதம் 25, 26 எபிசோடு வேண்டும். விளம்பரம் போக ஒரு எபிசோடு 20-22 நிமிடம். யூனிட் வேகமாக ஓடினாலும் ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு, மிஞ்சினால் ஒன்றரை. கதை நாயகியைச் சுற்றி ஓடுவதால் அவர் மாதத்தில் 15 முதல் 20 நாள் செட்டில் இருந்தாக வேண்டும். அந்த நாட்களும் தொடர்ச்சியாக வராது, துண்டு துண்டாக வரும். முந்தின நாள் ராத்திரி போனில் சொல்வார்கள்.

சினிமா கேட்பது நேர் எதிர்: காரைக்குடியிலோ தேனியிலோ 25 நாள் ஒரே மூச்சில். சீரியல் கையில் 'பேங்க்' என்று எடுத்து வைத்திருப்பது நாலைந்து எபிசோடு, மீறினால் பத்து. அது தீர்ந்த அன்று நாயகி வெளியூரில் இருந்தால் சேனல் புரொடியூசரை நெருக்கும், புரொடியூசர் இவரை நெருக்குவார்.

அதனால்தான் நாயகி திடீரென்று கடத்தப்படுவார், கோமாவில் கிடப்பார், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவார். வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள், அவரைக் காணோம் என்றால் யாருக்கோ பட ஷெட்யூல் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இது ஓரளவுக்குத்தான் தாங்கும். அப்புறம் 'இனி இவருக்குப் பதில் இவர்' கார்டு. 'கல்யாணம் முதல் காதல் வரை'யிலேயே பிரியா விலகியதும் சைத்ரா ரெட்டி வந்தார். தொடர் 2017-ல் முடிந்தது.

#3 முகில்வண்ணன்

முதல் பதிவில் ஒரு திருத்தம். வாணி போஜனின் முதல் படம் 'ஓ மை கடவுளே' இல்லை. 2019 நவம்பரில் தெலுங்கில் 'மீக்கு மாத்ரமே செப்தா' வந்துவிட்டது. விஜய் தேவரகொண்டா தயாரிப்பு, தருண் பாஸ்கர் நாயகன். சீரியலுக்குப் பிறகு தமிழில் முதல் படம் என்று போடுங்கள்.

இது வெறும் தேதித் திருத்தம் இல்லை. ஐந்து வருஷம் தினமும் ராத்திரி 'சத்யா'வாகப் பார்த்த முகத்தைத் தமிழ் ரசிகன் வேறு பாத்திரமாக ஏற்க நேரம் எடுக்கும். தெலுங்கில் அந்தச் சுமை குறைவு. படமும் கையில் இருக்கும், இங்கே காட்ட ஷோரீலும் இருக்கும்.

#4 கடைசிபெஞ்ச்

சரிதான், என் தவறு. பதிவைத் திருத்த முடியவில்லை, இப்படியே இருக்கட்டும்.

#5 சீன்பேப்பர்

டேட்ஸ் பிரச்சினை சீரியல் முடிந்ததும் போய்விடும். போகாமல் கூடவே வருவது பிராம்ப்டிங்.

தெரியாதவர்களுக்காக: சீன் பேப்பர், அதாவது அன்றைய வசனம் எழுதிய தாள், செட்டுக்குக் காலையில் வரும், சில நாள் ஷாட்டுக்கு முன்புதான் வரும். மனப்பாடம் செய்ய நேரமே கிடையாது. கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் பேப்பரோடு நிற்பார். "ஏன் அத்தை இப்படிப் பேசுறீங்க" என்று அவர் ஏற்ற இறக்கமில்லாமல் சொல்ல, நடிகை அதை உணர்ச்சியோடு திருப்பிச் சொல்வார். அடுத்த வரி, திரும்பவும் அப்படியே. அந்தக் குரல் டப்பிங்கில் அழிந்துவிடும், பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சீன் எடுக்க இதை விட்டால் வழியும் இல்லை.

என்ன கெடுகிறது என்றால்:

வரி காதில் விழுந்த பிறகுதான் முகம் வேலை செய்யத் தொடங்கும். அரை வினாடி தாமதம். சீரியலில் அந்த அரை வினாடியை எடிட்டர் எதிராளியின் ரியாக்‌ஷனை வைத்து மூடிவிடுவார். சினிமாவில் இரண்டு பேரையும் ஒரே ஃபிரேமில் வைத்து ஒன்றரை நிமிடம் வெட்டாமல் ஓட விட்டால் மூட இடமில்லை.

அடுத்தது கண். பிராம்ப்ட் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் கருவிழி ஒரு நூல் நகரும். பழகிப்போனவருக்குத் தான் அப்படிச் செய்வதே தெரியாது. க்ளோஸ்-அப்பில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவதுதான் மோசம். எதிராளி பேசும்போது கவனிக்கும் பழக்கமே போய்விடும். காது அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

ஆடிஷனில் நல்ல இயக்குநர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு பக்க சீனை முந்தின நாள் அனுப்பிவிட்டு, வந்ததும் வேறு வேகத்தில், வேறு இடத்தில் நிற்க வைத்துச் செய்யச் சொல்வார்கள். ஒப்பித்திருந்தால் அங்கேயே உடையும்.

#6 ஊசிநூல்

#5-ஐ அப்படியே ஏற்க முடியாது சார். தமிழ் தெரியாத நாயகிகள் எத்தனை பேர் சினிமாவிலும் பிராம்ப்டிங்கில்தான் ஓட்டுகிறார்கள்? அவர்களுக்கு இல்லாத தடை சீரியல்காரருக்கு மட்டும் ஏன்?

#7 சீன்பேப்பர்

நியாயமான கேள்வி. அவர்களுக்குப் பெரும்பாலும் அமைவது நாலு சீன், மூன்று பாட்டு. அதில் பிராம்ப்டிங் தாங்கும். சீரியலிலிருந்து வருபவருக்கு அந்த வகைப் பாத்திரம் முதலில் கிடைக்காது. கிடைப்பது பேசி நடிக்க வேண்டிய, அக்கம்பக்கத்துப் பெண் மாதிரியான வேஷம். 'மேயாத மான்' மதுமிதாவும் 'ஓ மை கடவுளே' மீராவும் அப்படித்தான், பேச்சில்தான் நிற்கிறார்கள்.

செய்தி வாசித்த பழக்கம் பிரியாவுக்கு இங்கே கைகொடுத்தது என்பது என் கணிப்பு. டெலிபிராம்ப்டரில் கண் ஓட ஓட முகத்தை அசையாமல் வைத்திருக்க வேண்டும், அர்த்தம் பார்த்து நிறுத்த வேண்டும். சீரியல் செட் பழக்குவதற்கு நேர் எதிரான பயிற்சி அது.

பழக்கத்தை உடைக்க ஒரு வழி சொல்கிறேன். பேப்பரை வாங்கி வரிகளைக் குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல், கணக்கு வாய்ப்பாடு போல, பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்ல வேண்டும். கை வேலை நிற்காமல் வரிகள் வரும்வரை உணர்ச்சி பக்கம் போகக் கூடாது. அப்புறம் எதிராளியின் வரிகளை வேறொருவரிடம் கொடுத்து, அவர் இஷ்டத்துக்கு நிறுத்தி நிறுத்திப் பேச விட வேண்டும். இரண்டு பக்கத்துக்குத் தொடக்கத்தில் நாலு மணி நேரம் ஆகும். நாளடைவில் ஒன்றரை மணி நேரத்துக்கு வரும்.

#8 வியாழக்கிழமை

சின்னத்திரைப் பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது, சினிமா பார்ப்பவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் ரேட்டிங் வாரம் சனி முதல் வெள்ளி வரை. எண் வருவது அடுத்த வியாழன். எந்தக் காட்சியில் புள்ளி ஏறியது என்று பார்த்து அடுத்த வாரக் கதை மாறும். நாயகி அழுதபோது ஏறினால் அடுத்த மூன்று வாரமும் அழுகை. ஆக, அவருடைய நடிப்பின் அளவைத் தீர்மானிப்பது இயக்குநர் மட்டும் இல்லை.

ஹாலில் டிவி ஓடும், சமையலறையில் மிக்ஸி ஓடும். முகத்தைப் பார்க்காதவருக்கும் காதால் கதை புரிய வேண்டும். அதனால்தான் எல்லாமே கொஞ்சம் தூக்கல். அது குறை இல்லை, அந்த ஊடகத்துக்குத் தேவையான அளவு. அதே அளவை 40 அடித் திரைக்குக் கொண்டுபோனால் புருவம் ஏறுவது முழ நீளத்துக்குத் தெரியும்.

#9 புருவமை

புருவம் என்றதும் நினைவு வருகிறது. தோற்றத்தில் இடிப்பவை சின்ன சமாச்சாரங்கள், படத்தை அவைதான் காலி பண்ணும்.

சீரியலில் பெரும்பாலும் புடவை, நகை நாயகியே கொண்டுவருவது. கல்யாணம், சீமந்தம் போன்ற விசேஷ எபிசோடுக்கு மட்டும் கம்பெனி தரும். கண்டினியூட்டிக்காக ஒவ்வொரு சீனுக்கும் என்ன உடுத்தினோம் என்று போனில் படம் எடுத்து எண் போட்டு வைத்திருப்பார்கள். சினிமாவில் அந்த வேலைக்கு காஸ்ட்யூம் டிசைனர் இருப்பதால் நடிகை அதை மறந்துவிடலாம், ஆனால் தலைமுடியை மறக்க முடியாது. சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட இயக்குநர் தோள்வரை வெட்டச் சொன்னால் சீரியலில் சவுரி வைத்தே ஓட்ட வேண்டும், ஹெச்டி கேமராவில் வகிட்டில் தெரியும். அதனால் முடி, புருவ வடிவம், மூக்குத்தித் துளை இந்த மூன்றையும் ஒப்பந்தம் போடும்போதே எழுத்தில் பேசிவிடுவது நல்லது.

மேக்கப்பும் அப்படியே. சீரியல் லைட்டிங் எல்லாப் பக்கமும் சமமாக அடிப்பது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் லைட் மாற்ற நேரமில்லை. அதற்குக் கெட்டியான பேஸ் சரி. சினிமாவில் ஒரு பக்க வெளிச்சம் விழுந்தால் அதே பேஸ் சுவருக்குப் பூச்சு அடித்த மாதிரி நிற்கும். லுக் டெஸ்டுக்குப் போகும்போது தன் வழக்கமான மேக்கப்மேனின் பேஸோடு போகாமல், முகம் கழுவிவிட்டு வெறும் மாய்ஸ்ச்சரைசரோடு போய் உட்கார்ந்தால் போதும்.

#10 ஊசிநூல்

படத் தேர்வுக்கு வருவோம். பிரியாவின் பட்டியலைப் பாருங்கள். 2018-ல் 'கடைக்குட்டி சிங்கம்', நாயகி சாயிஷா, இவர் முறைப்பெண்களில் ஒருவர். 2019-ல் 'மான்ஸ்டர்', எஸ்.ஜே. சூர்யா, ஒரு எலி, இவர். 2020-ல் 'மாஃபியா'. 2022-ல் 'யானை', 'குருதி ஆட்டம்', 'திருச்சிற்றம்பலம்'. 2023-ல் மார்ச் 10 'அகிலன்', மார்ச் 30 'பத்து தல', ஏப்ரல் 14 'ருத்ரன்', ஜூன் 16 'பொம்மை'. மூன்று மாதம் ஒரு வாரத்தில் நாலு படம்! எதில் என்ன பாத்திரம் என்று சட்டென்று சொல்ல முடியுமா? எண்ணிக்கை கூடக் கூட முகம் தேய்கிறது. சீரியல் முத்திரையைவிட இது பெரிய இடி.

#11 ரீல்பெட்டி

வெளியான தேதியை வைத்து நடிகையின் முடிவை அளக்காதீர்கள். கையெழுத்துப் போட்டது ஒரு வருஷம், எடுத்தது ஒரு வருஷம், வந்தது ஒரு வருஷம். 'குருதி ஆட்டம்' எத்தனை காலம் கிடப்பில் கிடந்தது என்று இந்த இழைக்காரர்களுக்குத் தெரியும். கொரோனாவில் தேங்கியதெல்லாம் ஒரே நேரத்தில் மடை திறந்தது. ரிலீஸ் தேதியில் நடிகைக்கு ஒரு சொல்லும் கிடையாது.

அவர் கையில் இருந்தது வேறு: 'திருச்சிற்றம்பலம்' மாதிரி இரண்டு மூன்று சீனில் வருவதற்கு ஒத்துக்கொள்வதா, வேண்டாமா? ஒத்துக்கொண்டது சரி என்பேன். படம் பெரிய வெற்றி, நாள் கணக்கில் உழைப்பு குறைவு. தவறு என்று சொல்ல வேண்டுமானால், நாயகி என்ற பெயரில் பாதிப் படத்துக்குக் காணாமல் போகும் வேஷங்களைச் சொல்லலாம். சின்ன வேஷம் என்று தெரிந்து பார்க்கும் ரசிகன் ஏமாறுவதில்லை. நாயகி என்று போஸ்டரில் போட்டு நாலு சீன் கொடுத்தால் ஏமாறுகிறான், பழி நடிகை மேல்.

#12 முகில்வண்ணன்

இதனால்தான் ராசி இல்லை என்ற கூச்சலும் வந்தது. 2024 ஜூலை 12 'இந்தியன் 2' வந்ததும் சமூக ஊடகத்தில் தோல்விப் பழியெல்லாம் பிரியா தலையில் விழுந்தது. அந்தப் படத்தின் கதையையோ நீளத்தையோ இவரா முடிவு செய்தார்? ஆகஸ்ட் 15 'டிமான்ட்டி காலனி 2' வந்து ஓடியது. 34 நாளில் ராசி மாறிவிட்டதாக்கும்!

(கடைசிபெஞ்ச், ராசி பேசக் கூடாது என்றீர்கள். இது கணக்கு, மன்னிக்கவும்.)

#13 வியாழக்கிழமை

வாணி போஜன் எடுத்தது வேறு வழி, அதைப் பற்றி யாரும் எழுதவில்லை. 'ஓ மை கடவுளே' வந்த அடுத்த மாதமே ஊரடங்கு. தியேட்டர் மூடிவிட்டது. அவர் ஓடிடி பக்கம் போனார்: 2020-ல் ஜீ5-ல் 'லாக்கப்', ஹாட்ஸ்டாரில் 'ட்ரிபிள்ஸ்', 2022-ல் சோனி லிவ்வில் 'தமிழ் ராக்கர்ஸ்', 2023-ல் ஜீ5-ல் 'செங்களம்'.

சீரியலிலிருந்து வருபவருக்கு வெப் தொடர் நல்ல பாலம். முதலாவது, நீளமான கதையில் ஒரு பாத்திரத்தைத் தூக்கிச் செல்லும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது, எட்டு எபிசோடும் முழுதாக எழுதி முடித்த பிறகே படப்பிடிப்பு, கடைசி எபிசோடில் என்ன ஆவோம் என்று தெரிந்து முதல் எபிசோடை நடிக்கலாம். மூன்றாவது, சீன்பேப்பர் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள்: சிங்க் சவுண்டில், அதாவது குரலைப் படப்பிடிப்பிலேயே பதிவுசெய்து எடுக்கும் தொடரில் பிராம்ப்டிங் சாத்தியமே இல்லை, அந்தக் குரலும் மைக்கில் ஏறும். கட்டாயத்தில் பழக்கம் மாறும்.

நஷ்டமும் உண்டு. தியேட்டர் வசூல் என்ற எண் கையில் வராது. விநியோகஸ்தரிடம் பேச அந்த எண்தான் மொழி.

#14 ஊசிநூல்

'மகான்' கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விக்ரம் ஜோடியாக வாணி நடித்த பகுதி 2022-ல் பிரைமில் வந்த படத்தில் இல்லவே இல்லை. வெட்டிவிட்டார்கள்.

#15 சீன்பேப்பர்

இதற்கு ஒப்பந்தத்தில் தடுப்பு கிடையாது. இறுதி எடிட் தயாரிப்பு, இயக்குநர் உரிமை என்று எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். எழுதி வாங்கக்கூடியது இரண்டு: காட்சி நீக்கப்பட்டாலும் முழுச் சம்பளம், நீக்கப்பட்டால் விளம்பரத்தில் பெயர், படம் பயன்படுத்தக் கூடாது. புதியவர்களுக்கு இரண்டாவது கிடைப்பது கஷ்டம்.

#16 கணக்குப்பிள்ளை

சம்பளம் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே.

சீரியலில் நாள் கணக்கு. எத்தனை நாள் வந்தோமோ அத்தனை நாள் சம்பளம், மாதம் முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து வரும். சினிமாவில் மொத்தத் தொகை, தவணையாக. வழக்கமாக ஒரு பங்கு அட்வான்ஸ், ஷெட்யூலுக்கு ஷெட்யூல் கொஞ்சம், மிச்சம் டப்பிங்குக்கு முன். 'டப்பிங்குக்கு முன்' என்ற சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு விடக் கூடாது. 'ரிலீஸுக்கு முன்' என்று எழுதியிருந்தால் மாற்றச் சொல்ல வேண்டும். தன் குரலில் பேசும் நடிகைக்கு டப்பிங் தியேட்டர் வாசல்தான் கடைசிப் பிடி. வேறொருவர் குரல் கொடுப்பதாக இருந்தால் அந்தப் பிடியும் இல்லை, கடைசி ஷெட்யூல் தொடங்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

ஒவ்வொரு தவணையிலும் 10 சதவீதம் டி.டி.எஸ். (தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். பிடித்ததை அரசுக்குக் கட்டினார்களா என்பது தனிக் கேள்வி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரித்துறைத் தளத்தில் தன் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் அறிக்கையை (26ஏஎஸ் என்பார்கள்) பார்த்து ஒப்பிட வேண்டும். கட்டாமல் விட்டால் பிறகு அலைவது நடிகைதான்.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு, 18 சதவீதம். புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கே: மொத்தச் சம்பளத்துக்கும் முதல் நாளே ஒரே இன்வாய்ஸ் போட்டுவிடுவது. மாதாமாதம் கணக்குக் கொடுப்பவராக இருந்தால், இன்னும் கைக்கு வராத தவணைக்கும் சேர்த்து அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் வரி கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் தவணைகளை எதெது முடிந்ததும் என்று பிரித்து எழுதி, அந்தந்தத் தவணைக்கு மட்டும் இன்வாய்ஸ்.

உதவியாளர்கள் செலவும் உண்டு. மேக்கப், ஹேர், டச்-அப் ஆட்களின் பேட்டா யார் தலையில் என்று எழுத்தில் இல்லாவிட்டால் 40 நாள் அவுட்டோரில் நடிகையின் சம்பளத்தில் கணிசமாகக் கரையும்.

#17 முகில்வண்ணன்

ரியாலிட்டி நிகழ்ச்சி வழியாக வந்தவர்களுக்கு இந்த முத்திரை விழுவதே இல்லை, கவனித்தீர்களா? ஐஸ்வர்யா ராஜேஷ் கலைஞர் டிவி 'மானாட மயிலாட' மேடையிலிருந்து வந்தவர், 2015-ல் 'காக்கா முட்டை'. சாய் பல்லவி 2008-ல் விஜய் டிவியில் 'உங்களில் யார் அடுத்த பிரபுதேவா'வில் ஆடியவர், 'பிரேமம்' 2015-ல். நடனப் போட்டியில் பார்த்த பெண்ணுக்குப் பாத்திரப் பெயர் ஒட்டியிருக்காது. 'தெய்வமகள்' 1400 எபிசோடுக்கு மேல். அந்தப் பெயர் லேசில் உதிராது.

எதிர்த்திசையில் போனவர்களுக்கு அது லாபமாகவே இருந்தது. ராதிகாவின் 'சித்தி' 1999-ல், தேவயானியின் 'கோலங்கள்' 2003-ல். பெரிய திரையில் பெயர் வாங்கிய பிறகு வீட்டுக்குள் வந்தார்கள்.

#18 ஊசிநூல்

ஆண்களுக்கு இந்த இழையே தேவையில்லை. கவின் 'சரவணன் மீனாட்சி'யிலிருந்து வந்து 'டாடா' கொடுத்தார், யாரும் சீரியல் மூஞ்சி என்று சொல்லவில்லை. அவ்வளவுதான், மேலே போங்கள்.

#19 கடைசிபெஞ்ச்

ரீல்பெட்டி சாருக்கு ஒரு கேள்வி. சீரியலை விடாமலே படம் செய்வது முடியவே முடியாதா? சைத்ரா ரெட்டி நாயகியாக நடித்த 'கயல்' சீரியல் ஓடும்போதுதானே அவர் நடித்த 'வலிமை' படம் 2022-ல் வந்தது?

#20 ரீல்பெட்டி

நல்ல உதாரணம், ஆனால் #11-ல் சொன்னதை மறந்துவிட்டீர்கள். 'கயல்' தொடங்கியது 2021 அக்டோபர் கடைசியில். 'வலிமை' வந்தது 2022 பிப்ரவரியில், எடுத்தது அதற்கெல்லாம் முன்னால். அதை வைத்து இரண்டும் சேர்ந்து நடந்தது என்று சொல்ல முடியாது.

கேட்டதற்குப் பதில்: துணை வேஷம் என்றால் முடியும். காவல்துறைக் குழுவில் ஒருவர் மாதிரி, மொத்தமே 12, 15 நாள், இரண்டு மூன்று துண்டாகப் பிரியக்கூடியது. நாயகி வேஷம் என்றால் ஒரு ஷெட்யூல் தாண்டாது.

செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யலாம். சீரியல் ஒப்பந்தத்தில் 'மாதம் இத்தனை நாள் வரை' என்று உச்சவரம்பு இருக்க வேண்டும். 'தேவைப்படும் நாட்கள்' என்று இருந்தால் படம் பக்கமே போகாதீர்கள். பட டேட்ஸ் உறுதியானதும் 45 நாள் முன்பே சேனல் கதைக்குழுவுக்கு எழுத்தில் தர வேண்டும், செட் மேனேஜரிடம் வாயால் சொல்வது கணக்கில் வராது. பிறகு போகுமுன் ஒரு நாள் முழுக்க க்ளோஸ்-அப் மட்டும் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும்: போனில் பேசுவது, ஜன்னலருகே நிற்பது, கதவைத் திறந்து அதிர்வது. நாலு புடவை, இரண்டு வீட்டு மூலை போதும். எதிராளி காட்சியைப் பிறகு எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். ஒரு நாள் உழைப்பில் பத்து எபிசோடுக்கு நாயகி 'இருப்பார்'. ஆனால் நிறம் வெளிறிய புடவையை மட்டும் அன்றைக்கு எடுத்துப் போகாதீர்கள், பச்சை ஜன்னல் திரைக்கு முன்னால் முகமும் சேர்ந்து வெளிறித் தெரியும், திருப்பி எடுக்க ஆள் ஊரில் இருக்கமாட்டார்.